ஆம்பூர் பஜாரில் குஸ்கா

அம்மாவுக்கு, சந்திரா கும்பிட்டு எழுதிக்கொண்டது. சோளிங்கரில் உன் முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

ஷூ கம்பெனிகள் பெருகியதும் இந்தப் பஜாருக்கே களை வந்துவிட்டது. முன்பு விளக்கு வைத்தால் அடங்கிவிடும் தெருவாம். இப்போது வேலை விட்டு வந்தால் கடைக்குக் கடை டியூப் லைட், பிரியாணி வாசனை. பெண்கள் உட்காரத் திரை போட்ட இடம்கூட உண்டு. கல்யாண வீடு தோற்றுப்போகும் அம்மா!

கூட வேலை செய்யும் கமருன்னிசா அக்கா சனிக்கிழமை கூட்டிப்போனார். என் வீட்டுக்காரரின் தலைத்திவசம் வரை கறி தொடமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேனே, அதனால் கறித்துண்டு இல்லாத வெறும் பிரியாணிச் சோறு, குஸ்கா வாங்கினேன்.

"கறி இல்லாமலே இன்னா ருசி அக்கா!" என்றேன்.

பரிமாறுகிறவர் சிரித்துவிட்டார். "கறி இல்லாமலா? கறியோட வெந்த அண்டாவுல இருந்துதாம்மா அள்ளி வச்சேன்!"

அக்கா பதறிப்போனார். "எனக்குத் தோணலியே! எழுந்துரு, கை கழுவு."

நான் எழவில்லை. என் வீட்டுக்காரர் போனதிலிருந்து அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது. முழுவதும் சாப்பிட்டுவிட்டேன்.

அவருடைய போர்வையை இந்தப் பக்கம் வரும் தணிகைவேல் அண்ணனிடம் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம். கம்பெனி பஸ் வந்துவிட்டது. கோபமிருந்தால் திட்டியாவது ஒரு கார்டு போடு.

உன் மகள்
சந்திரா