பட்டியலில் முதல் பெயர்

இன்றைக்குக் காலையில் யோகா விரிப்பை விரித்ததும் எலுமிச்சை வாசம் அடித்தது. பிழிந்த தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, உன் விரிப்போடு என்னுடையதையும் சேர்த்துத் துடைத்துத் தருவாயே, அந்த வாசம். புளியங்குடிக்காரிக்கு எலுமிச்சைக்கு என்ன பஞ்சம்! நீ போய் இரண்டு மாதமாகிறது. வாசம் மட்டும் இன்னும் போகவில்லை.

நம் ரத வீதி மாடியில் பத்து விரிப்புதான் கொள்ளும். மறுநாள் பத்தரை மணி வகுப்புக்கு முந்தின சாயங்காலமே வாட்ஸ்அப் குழுவில் பேர் போட வேண்டும். ஒருவர் போட்டதை அடுத்தவர் காப்பி செய்து, கீழே தன் பேரைச் சேர்த்து அனுப்புவார். டீச்சர் 'பேர் போடலாம்' என்ற அடுத்த நிமிஷம் உன் செய்தி வந்து நிற்கும். ஒன்று நீ, இரண்டு நான். "ஏட்டி, நீ கண்ணாடியத் தேடி எடுக்கதுக்குள்ள பத்தும் ரொம்பிரும். நீ வந்து சேந்தாப் போதும்" என்பாய். மூன்று வருஷத்தில் என் பேரை நான் ஒருநாளும் போட்டதில்லை.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துக்காக வகுப்புக்கு லீவு விட்டார்கள். அந்த லீவில்தான் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு நான் அந்தப் படியே ஏறவில்லை. மகன் சென்னையிலிருந்து போனில் அரித்துக்கொண்டே இருந்தான். "வீட்டுலயே அடைஞ்சு கெடக்காதம்மா" என்று.

போன வாரம் மனதைத் தேற்றிக்கொண்டு பேர் போட உட்கார்ந்தேன். எப்படிப் போடுவது என்று தெரியவில்லை. மேலே தள்ளித் தள்ளி உன் கடைசிச் செய்தியைக் கண்டுபிடித்து, அதை அப்படியே காப்பி செய்து அனுப்பிவிட்டேன். ஒன்று நீ, இரண்டு நான். நான் பதறுவதற்குள் மூன்று, நான்கு என்று கீழே சேர்த்துக்கொண்டே போனார்கள். உன் பேரை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் ஜன்னலோரத்து உன் இடத்தை விட்டுவிட்டுத்தான் எல்லோரும் விரித்தார்கள். அப்போது ராயகிரியிலிருந்து பஸ் ஏறி ஒரு அம்மா வந்து நின்றாள்.

"பத்து பேர் ஆயிட்டும்மா, நாளைக்கு வாங்க" என்றார் டீச்சர்.

"அங்கன ஒரு எடம் கெடக்குல்லா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். "அது வேற ஆளுக்கு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் சுருட்டிய விரிப்பை இடுக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

சவாசனத்தில் நான் தூங்கிக் குறட்டை விடுவதற்குள் உன் சுண்டுவிரல் என் விரலைத் தட்டிவிடும். அன்றைக்குத் தட்ட ஆளில்லை, தூக்கமும் வரவில்லை. பேர் போடாமலே நான் முதல்நாள் வந்து வாசலில் முழித்துக்கொண்டு நின்றதுதான் ஞாபகம் வந்தது. நீதான் உன் விரிப்பைச் சுவரோடு ஒட்டி இழுத்துப் போட்டு, "கொஞ்சம் ஒடுங்கிப் படுத்தா ஒரு ஆளு தாராளமாக் கெடக்கலாம், வா மக்கா" என்றாய். அந்த இடத்தில் படுத்துக்கொண்டுதான் நான் இன்னொருத்தியை விரட்டியிருக்கிறேன். நீ இருந்திருந்தால் என்னைக் கிழித்திருப்பாய்.

நேற்றுச் சாயங்காலம் கண்ணாடியை முதலிலேயே மாட்டிக்கொண்டேன். அந்தச் செய்தியை எடுத்து உன் பேரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். ஒன்று, ராயகிரி அக்கா. இரண்டு, நான். அந்த அம்மாளுக்குப் போன் செய்யும்படி டீச்சரிடம் சொன்னேன்.

இன்றைக்கு அவள் உன் இடத்தில் விரித்தாள். "இதென்ன, எலுமிச்சம்பழ வாசம்?" என்று கேட்டாள். "என் சேக்காளி துடைச்சது" என்றேன்.

சவாசனத்தில் அவள் தூங்கிப்போனாள். குறட்டை கிளம்பும்போது சுண்டுவிரலை நீட்டி அவள் விரலை ஒரு தட்டு தட்டினேன். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வகுப்பு முடியும் வரை நான் கையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.