உன் அம்மா சாப்பிட்ட பாஸ்தா

அன்பு மருமகளே,

எல்லாம் நான் அன்றைக்கே சொன்னதுதான். மிலானில் மெக்சிகோக்காரர் கடையில் சோள ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் தின்று, நம் வீட்டு ருசி என்று அழுதாயாமே. நீ பஸ் ஏறும்போதே பெல்மதுளைச் சந்தியில் இதைச் சொன்னேன், பக்கத்து வீட்டு இருளப்பன் சாட்சி.

இத்தாலிக்காரர் வீட்டில் நீ சமைப்பதை என் அக்காவுக்கு, உன் அம்மாவுக்குத்தான், காட்ட நானே பாஸ்தா ஆக்கினேன். சீஸ் விலைக்கு ஒரு கிழமை முழுவதற்கும் மீன் வாங்கலாம். கொஞ்சம் மாசிக் கருவாடும் போட்டேன். மணம் பிடித்துப் தோட்டத்துத் துரை பங்களா சமையல்காரனே வந்து, "எப்படிண்ணே செஞ்சீங்க?" என்று கேட்டான்.

"இதையா எம்மக தெனம் ஆக்குறா?" என்று அக்கா இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

சாப்பிட்டது மட்டும் பொய், மருமகளே. "அவ வரட்டும் தம்பி, அவ கையால ஆக்கட்டும், சாப்புடுறேன்" என்று தட்டை மூடிவிட்டாள்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
தாய்மாமா