நாலு பேருக்கான பேச்சு

பிள்ளையார் துணை

தேற்றாத்தீவு
19.07.2009

அன்பு மகன் வினோஜனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

பிள்ளையார் காப்பாற்றுகிற அளவில் நானும் அப்பாவும் தங்கச்சி சுலோஜனாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் பேராதனைக் குளிரில் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்கவேண்டுமென்று அவரைத்தான் தினமும் கேட்கிறேன், உன் புத்திக்கும் சேர்த்துக் கேட்டிருக்கவேண்டும், அதை இவ்வளவு காலமும் விட்டுவிட்டேன். போனை நீ நிறுத்தி வைத்திருக்கிறபடியால்தான் இந்தக் கடிதம். கடிதத்தை நிறுத்தி வைக்க முடியாதுதானே. அப்பா வெல்லாவெளிக்குப் போய் ஒரு கிழமையாகிறது, சண்டைக்காலத்தில் எட்டியும் பார்க்க முடியாமல் கிடந்த எங்கள் வயல் வட்டை முழுக்கப் பற்றை மண்டிக் கிடக்கிறதாம், வெட்டித் துப்பரவாக்கினால் வருகிற மாரிக்கு விதைக்கலாம் என்று ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கிறார். சுலோஜனா களுவாஞ்சிகுடிக்கு டியூசனுக்குப் போய்வருகிறாள், படிக்கிறாளா கதைத்துவிட்டு வருகிறாளா என்று தெரியாது. வளவுக் கிணற்றுத் தண்ணீர் இன்னும் தேத்தண்ணிக்கு ஆகாது, வாயில் வைத்தால் கரிக்கிறது, சந்திக் குழாயில்தான் எடுக்கிறோம்.

உன் கடிதம் வந்தது. மூன்று சோம்பேறிகளோடு ஒரே குழுவில் மாட்டிக்கொண்டேன், எல்லா வேலையும் நான்தான் செய்தேன், பிரசென்ரேஷன் அன்று அவர்கள் லைட் கம்பம் மாதிரி நின்றார்கள், லெக்சரர் பாதியில் நிறுத்தி அடுத்த மாதம் நாலு பேரும் திரும்ப வந்து செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டார், அதுவும் சரிவராவிட்டால் நாலு பேரும் ஒரு வருசம் பிந்தவேண்டும், ஆகையால் நான் தனியாகச் செய்ய அனுமதி கேட்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். நானும் நம்பினேன். இரண்டு நாள் சமைக்கும்போதும் கூட்டும்போதும் அந்த மூன்று பேரையும் வைதுகொண்டிருந்தேன். சுலோஜனா கூட, "அம்மா, தெரியாத ஆக்கள ஏன் இப்பிடித் திட்டுறீங்க" என்று கேட்டாள், அவளுக்கும் இரண்டு விழுந்தது.

புதன்கிழமை காத்தான்குடியிலிருந்து புடவை கொண்டுவருகிற நஸீறா வந்தார், உன் குழுவில் இருக்கிற சபீனாவின் உம்மா. உனக்காக நான் வக்காலத்து வாங்க வாயெடுத்தேன், அவர் பொதியை அவிழ்க்கவே இல்லை. "அக்கா, உங்கட மகன் பாட்டையும் அவரே பாடி, தாளத்தையும் அவரே போட்டு, கையையும் அவரே தட்டினாராம். என்ட புள்ளைய ஏன் பக்கத்தில நிப்பாட்டின, போட்டோ புடிக்கவா?" என்று கேட்டார். பேச்சை எழுதின பென்டிரைவைப் பிறந்த பிள்ளையின் அரைஞாண் மாதிரி இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாயாம், அன்று காலை மண்டபத்துக்குள் போகும்வரை ஒருவருக்கும் காட்டவில்லையாம். குழுவிலிருக்கிற சிங்களப் பொடியன் நுவன் இரண்டு தரம் கேட்டானாம், "பிழையாக்கிப் போடுவாய்" என்றாயாம். டவுன் பொடியன் டரல் கேட்கவே இல்லையாம், கேட்காதவனும் ஒரு வெட்கங்கெட்டவன்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் மகன், வேலை கேட்டவனுக்கும் வேலை கொடுக்காமல் விட்டுவிட்டு அவனைச் சோம்பேறி என்று அம்மாவுக்கு எழுத உனக்குக் கை எப்படி வந்தது?

இதைவிடக் கேவலம் அடுத்தது. சுனாமியில் கடல் வந்த கிணறுகளின் உப்பைப் பற்றித்தானே உங்கள் பேச்சு. அந்தக் கிணறுகளில் நீ ஒன்றிலாவது வாளி போட்டாயா? லீவுக்கு வந்து, வெயிலில் ஊர் ஊராகப் போய், போத்தலில் தண்ணீர் எடுத்துப் பெயர் ஒட்டினவள் சபீனா. எங்கள் வளவுக்கும் வந்தாள், அன்று நீ உள்ளே பாயில் படுத்துக்கொண்டு, "அம்மா, சபீனாவுக்குத் தேத்தண்ணி குடுங்க" என்று சத்தம் போட்டாய், உன் ஆராய்ச்சி அவ்வளவுதான். இறைத்து இறைத்து ஊற்றின கிணற்றிலும் ஏன் உப்புக் குறையவில்லை என்று லெக்சரர் அவளைப் பார்த்துத்தானே கேட்டார்? அவள் வாயைத் திறக்க நீ கையைக் காட்டி நிறுத்தினாயாம். நிறுத்திவிட்டு, சரியாக இறைக்காததால்தான் என்றாயாம். அளவுக்கு மேலே இறைத்ததால்தான் அடியிலிருந்து உப்புத் தண்ணீர் ஏறியது என்று அவள் எழுதியே வைத்திருந்தாளாம். அதற்குப் பிறகுதான் அவர் போதும் என்றாராம். அந்த இடத்தை உன் கடிதத்தில் காணவில்லை.

உனக்குக் கனகசிங்கத்தாரை ஞாபகம் இருக்கிறதா? கடல் வந்த அடுத்த வருசம், நாங்கள் பள்ளிக்கூட முகாமை விட்டு வந்து தகரக் கொட்டிலில் இருந்தபோது, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து, உங்கள் தேவையை நீங்களே சொல்லுங்கள் என்றாள். ஊரே கூடியிருந்து கதைத்துக் கிணறுகளைத்தான் முதலில் கேட்பதென்று முடிவெடுத்தோம். சங்கத் தலைவரென்று கனகசிங்கத்தார் எழும்பினார். கோயிலை நடத்துகிற வண்ணக்கர்மாரில் தொடங்கினார், பிறகு ஒவ்வொரு குடியாக, எந்தக் குடிப் பெரியவருக்கும் மரியாதை குறையாமல் பெயர் சொல்லி வரவேற்றார், ஒருவரை விட்டுவிட்டுத் திரும்ப முதலில் இருந்து வந்தார். பிறகு தான் நீந்தித் தப்பின கதை. வெள்ளைக்காரிக்கு இருட்டமுதல் செக்பொயின்ற்களைத் தாண்டவேண்டும், கிணறு என்ற சொல் அவர் வாயில் வரமுதல் அவள் எழும்பிவிட்டாள், போகும்போது சுவரில் ஒட்டியிருந்த ஊர்ப்படத்தை மட்டும் சுருட்டிக்கொண்டு போனாள். அந்தப் படத்தில் வாவி எந்தப் பக்கம் என்று விளங்கட்டும் என்று யாரோ ஒரு தோணி கீறியிருந்தார்கள். மறுகா என்ன, லொறி லொறியாகத் தோணி வந்து இறங்கியது. தென்னையும் வயலும் தவிர ஒன்றும் தெரியாத வீடுகளுக்கு வீட்டுக்கொரு தோணி! எங்கள் தோணியைக் கவிழ்த்துப் போட்டுக் கோழி அடைத்தோம். அவருக்குத் தோணித் தலைவர் என்று பட்டம் வைத்து விழுந்து விழுந்து சிரித்தவன் நீதான். இப்போது நீ யார் தெரியுமா? கம்ப்யூட்டர் வைத்திருக்கிற கனகசிங்கத்தார். அவராவது ஊராரின் பெயரைச் சொன்னார், நீ உன் பெயரைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

தனியாகச் செய்ய அனுமதி கேட்பதை இந்தக் கடிதம் கண்ட உடனே விட்டுவிடு. நீ தப்பி அந்தப் பிள்ளை ஒரு வருசம் பிந்தினால், காத்தான்குடிச் சந்தியில் எந்த முகத்தோடு நான் பஸ்ஸை விட்டு இறங்குவது? பென்டிரைவை எடுத்து அவர்கள் மூன்று பேருக்கும் கொடு. நாலு பேரும் ஒரு மேசையில் இருந்து, ஒருவர் செய்ததை மற்றவருக்கு விளங்கும்வரை சொல்லுங்கள், யாரைக் கேட்டாலும் யாரும் பதில் சொல்லத்தக்கதாக. கோயிலில் புராணம் படிக்கிறதைப் பார்த்துத்தானே வளர்ந்தாய், படிக்கிறவர் படிப்பார், பயன் சொல்கிறவர் அதன் பொருளை விளக்கிப் பயன் சொல்வார், படிக்கிறவர் மற்றவரின் வாயைப் பொத்திவிட்டுப் பயனும் சொன்னால் சனம் எழும்பிப் போகும். திரையில் இருப்பதை அப்படியே வாசிக்காதே, வந்தவர்களுக்கும் எழுத்துத் தெரியும். தண்ணீர் எடுத்தவள் தண்ணீரைப் பற்றிச் சொல்லட்டும். பின்வாங்கில் இருக்கிறவனுக்குக் கேட்கப் பேசு, தெரியாததைத் தெரியாது என்று சொல், அதற்கு ஒருவரும் அடிக்கமாட்டார்கள். டரலைக் காலையில் போய்க் கட்டிலால் இழுத்து விழுத்தி எழுப்பிக் கூட்டிவா, அதுவும் குழு வேலைதான். சபீனாவிடம் மன்னிப்புக் கேட்கும்போது இங்கிலீசில் சொறி என்று இழுத்துவிட்டு ஓடாதே, தமிழில் முகத்தைப் பார்த்துக் கேள்.

நஸீறாவிடம் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன், சபீனாதான் முதலில் பேசுவாள், என் மகன் கடைசியில்தான் வாய் திறப்பான் என்று. உன்னிடம் கேட்கவில்லை, நீ யாரிடம் கேட்டாய்?

முட்டையும் பாலும் ஒழுங்காக எடு, தலைக்கு எண்ணெய் வை, போனைத் திற. கோபம் இருந்தாலும் பெற்ற வயிறு, உனக்கு ஒரு குறையும் வராமல் பிள்ளையார் பார்த்துக்கொள்வார். நஸீறா போகும்போது வாசல் படலையில் நின்று, "நாலு புள்ளைகளுக்கும் துஆக் கேக்குறன் அக்கா, உங்கட மகனுக்கும் சேத்துத்தான்" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, நான் அதுவரையும் பிள்ளையாரிடம் உனக்கு மட்டும்தான் கேட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை போய் நாலு பேருக்கும் அர்ச்சனை செய்தேன். சபீனாவுக்கும் நுவனுக்கும் டரலுக்கும் என்ன நட்சத்திரம் என்று ஐயர் கேட்டார், அது பிள்ளையாருக்குத் தெரியும், நீங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். உன் நட்சத்திரம் அவருக்கு மனப்பாடம் என்றபடியால் உன்னிலேயே தொடங்கப் பார்த்தார். நிறுத்தி, உன்னை நாலாவதாகச் சொல்ல வைத்தேன்.

இப்படிக்கு
உன் அம்மா
க. புஸ்பம்