முதல் படத்தின் மூலையில்

உ
செவ்வாய் நிலையம். நாள் 211, காலை 08:10
பதிவு: உமையாள், நிலையப் பொறியாளர்.
வெளியே புழுதி. தண்ணீர் போதும். செல்வின் செடிக்கூடத்துக்குப் போயிருக்கிறான். இந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனான்: "யக்கா, செவ்வாய்க்கு வந்தும் சுழி போடுத பழக்கம் விடலியே!" தூத்துக்குடிக்காரனுக்கு வாய் அதிகம். பிள்ளையார் சுழி போடாமல் நான் பரீட்சை எழுதியதில்லை. இப்போது மட்டும் எதற்கு விட வேண்டும்?

உ
நாள் 211, 13:40
புயலில் கல் விழுந்து இணைப்புப் பாதை சிதைந்தது. செல்வின் செடிக்கூடத்தில் மாட்டிக்கொண்டான். அங்கே போகும் காற்றுக்குழாயின் வால்வும் அதிர்வில் தானாக மூடிக்கொண்டது. வால்வு வெளிச்சுவரில், அவன் சன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாதையில் மாட்டியிருந்த இரண்டு விண்வெளி உடைகளும் அதோடு நசுங்கிப் போயின. உள்ளே இருக்கிற காற்று நாளை மதியம் வரை வரலாம்.
வெளியே போகக்கூடியது பூதம் ஒன்றுதான். எங்கள் ரோபோவுக்கு நாங்கள் வைத்த பெயர். அதை ஓட்டும் பலகை கருகிவிட்டது. மிச்சமிருப்பது பயிற்சி முறை: கோட்டுப்படமாக ஓர் அனிமேஷன் கொடுத்தால் பார்த்து அப்படியே செய்யும். ஒன்றை எடுத்துக்கொண்டால், அது ஓடி முடியும் வரை வேறெதையும் கேட்காது.
எனக்கு யானை வரைந்தால் பன்றி வரும்.

உ
நாள் 211, 18:25
பூமியில் ஒரு கார்ட்டூன் கலைஞரைப் பிடித்திருக்கிறார்கள். பெயர் பர்வீன், சென்னை. செய்தி போய்ப் பதில் வரக் கால் மணி நேரம் ஆகிறது.
"மேடம், முதல்ல ஒரு பந்து குதிக்கட்டும். மேல ஒரு படம், தரையில ஒரு படம். அதுதான் கீ ஃபிரேம். நடுவுல இருக்கறத நீங்க நிரப்பணும். லூப் போட்டு விடுங்க, திரும்பத் திரும்ப ஓடும். தப்பு தானா தெரியும்."
வரைந்து அனுப்பினேன். பதில்: "பந்து இட்லி மாதிரி உக்காந்துடுச்சு மேடம். மறுபடி."
சிரித்தேன். உடனே அழுகை வந்துவிட்டது.

உ
நாள் 212, 07:15
தூங்கவில்லை. பந்து குதிக்கிறது. கை மடங்குகிறது. முந்தைய படம் அடியில் நிழலாகத் தெரிய, அதன்மேல் அடுத்ததை வரைகிறேன். எடுத்ததும் மெதுவாக, நடுவில் வேகமாக, முடிவில் மறுபடி மெதுவாக. இதற்குள் இவ்வளவு இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்!
பர்வீன்: "வேண்டாத கோடு ஒண்ணுகூட இருக்கக் கூடாது மேடம். எது வேண்டாததுன்னு பூதத்துக்குத் தெரியாது."
ஒவ்வொரு படமாகப் பார்த்து அழித்தேன்.
செல்வின் குரல் இழுக்கிறது. "யக்கா, தலை சுத்துது. சீக்கிரம் பாருங்க."

உ
நாள் 212, 10:50
படம் முடிந்தது. பூதம் நடக்கிறது, பிடிக்கிறது, இடப்பக்கம் ஒரு சுற்று, வால்வு திறக்கிறது. சக்கரம் திரும்பிவிடாமல் அதைப் பிடித்தபடியே கடைசிப் படம் நிற்கிறது. பர்வீனுக்கு அனுப்பிவிட்டேன். பதிலுக்குக் காத்திருக்க முடியாது. செல்வின் பேச்சை நிறுத்திவிட்டான், மூச்சு மட்டும் கேட்கிறது. பூதத்துக்குக் கொடுத்துவிட்டேன்.
வெளியே போனதும் வெறும் காற்றில் கையை ஒருமுறை சுழற்றி, பக்கவாட்டில் இழுத்தது. கையைச் சரிபார்த்துக்கொள்கிறது போல. இப்போது நடக்கிறது.

உ
நாள் 212, 11:06
"யக்கா! காத்து வருது! குளுகுளுன்னு வருது யக்கா!"
மேசையில் தலை வைத்து ஓவென்று அழுதேன்.

11:08
"நின்னு போச்சே. என்னாச்சு?"
சக்கரத்தைப் பிடித்த கை வலப்பக்கம் சுழன்றது. பிறகு ஒரு வெட்டு இழுப்பு. வால்வு மூடிவிட்டது. பூதம் கையை எடுத்துக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே திரும்பி நடக்கிறது.

11:12
பர்வீனின் பதில் வந்தது. "மேடம், எல்லாம் நல்லா இருக்கு. முதல் படத்து மூலையில ஏதோ சுழிச்சிருக்கீங்களே, அத அழிச்சிடுங்க. லூப்பையும் எடுத்துட்டுக் குடுங்க."
எனக்கு அது கோடாகவே தெரியவில்லை. எந்தத் தாளிலும் தெரிந்ததில்லை.

11:20
மறுபடி நடந்து வந்தது, திறந்தது. செல்வின் இரண்டு மூச்சு இழுத்தான். மறுபடி சுழி, மூடியது. நிறுத்து நிறுத்து என்று அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். அது கேட்கவில்லை. படம் முடியவில்லையே, எப்படிக் கேட்கும்!
சுழியின் கடைசிக் கோடு ஒவ்வொரு முறையும் சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறது. தண்டு வளைந்துவிட்டது.

11:34
மூடிய பிறகு இழுத்தது. சக்கரம் கையோடு வந்துவிட்டது.

12:15
இந்தப் பக்கத்துக்குச் சுழி போடவில்லை.
பூதம் உடைந்த சக்கரத்தோடு அவன் சன்னலுக்கு வருகிறது, திரும்பிப் போகிறது, வருகிறது.
செல்வின் கடைசியாகப் பேசியது, 11:51:
"யக்கா... அது ஒங்க சுழியப் போடுது... பாத்தியளா..."
பார்த்தேன் என்றேன். அவனுக்குக் கேட்டதா தெரியாது.
இதோ, மறுபடி கையைத் தூக்குகிறது. முதல் படம்.