எறும்பு வராத ஆவணி

வெண்ணந்தூர்,
தாது வருஷம், ஐப்பசி மாதம்.

கொழும்பில் ஜவுளிக்கடை நடத்தும் அன்புத் தம்பி செங்கோட்டையனுக்கு அண்ணன் காளியண்ணன் எழுதிக்கொள்வது. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முழு நலம் இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் என் மானம் போன கதை. ஐம்பதைத் தொட்டுவிட்ட நான், ஆவணி முழுக்க விடிந்ததும் விடியாததுமாக மாட்டுக் கட்டுத்தரைக்குப் பின்னால் போய், இரவு ஒன்றுக்குப் போன இடத்தில் குந்தி உட்கார்ந்து, ஈரத் தரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் காட்டு வேலுசாமி வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ஏனுங்க மாமா, என்னத்தத் தொலைச்சுப்போட்டீங்க?" என்றான். "எறும்பத் தேடறனப்பா, ஒண்ணக்கூடக் காணோம்" என்றேன். பொழுது சாய்வதற்குள் பாதி ஊர் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றது. மீதி ஊர் நான் புதையலுக்குக் குறி பார்ப்பதாகச் சொன்னது.

அந்த எறும்பின் அருமை உனக்குத் தெரியும். நம் அய்யன் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்ததைப் பார்த்துத்தானே சர்க்கரை வியாதி என்று கண்டார்கள். கால் அழுகிப் போய்ச் சேர்ந்தார் மனுஷன். காட்டைப் பிரித்துக் கொடுத்ததுபோல் வியாதியையும் நமக்குச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். அதில் மட்டும் பங்காளிச் சண்டை வரவில்லை.

ஆனியில் தண்டாயுதபாணி வைத்தியர் சொன்னபடி கொல்லிமலை நாவல்பழம் வாங்கி, துணியில் பிழிந்து, சாற்றைச் சாடியில் ஊற்றி வாயைத் துணியால் வேடு கட்டி வெயிலில் வைத்தோம். கொட்டையைக் காயவைத்து இடித்துச் சலித்து அதிலேயே கலந்தோம். தினம் காலையில் வெறும் வயிற்றில் அரை டம்ளர். தொண்டை துவர்த்துப் போகும். நாக்கு நீலம் பாரிக்கும். நான் வாயைத் திறந்தால் எருமைகூட மிரண்டது. ஆவணி பிறந்தது, எறும்பு நின்றது. அப்புறம் நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் சாறு ஊற்றிக் கொடுத்தேன். அந்தத் தலைக்கனத்தில்தான் எனக்குக் குணமாகிவிட்டது என்று உனக்கும் எழுதிவிட்டேன்.

உன் பதில் வந்தது. தினமும் இன்சுலின் ஊசி குத்திக்கொண்டு தொடை சல்லடையாகிவிட்டது, அண்ணனுக்கு ஆனது எனக்கும் ஆகும், சாறு வந்து சேர்ந்ததும் ஊசியை நிறுத்திவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

புரட்டாசியில் என் வலது கால் பெருவிரலில் வேலமுள் தைத்தது. ஆறவில்லை. விரல் கருத்தது, பிறகு கருப்பு மேலே ஏறியது. வண்டி கட்டிக்கொண்டு சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஏதோ நீல மருந்தில் என் நீரைச் சில சொட்டு விட்டுக் காய்ச்சினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது செங்கல் நிறமாகிவிட்டது. அத்தனையும் சர்க்கரையாம். "எறும்பே வரலீங்களே!" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நாவல் சாறு பொய்யா என்று கேட்டேன். கொஞ்சம் நல்லது செய்தாலும் செய்யும், ஆனால் ஊசியின் வேலையை அது செய்யாது என்றார்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது என் வலது செருப்புக்கு வேலை இருக்காது. ஒற்றைச் செருப்பு உனக்கு வேண்டுமா என்று வேலுசாமியைக் கேட்டேன். அழுதுவிட்டான். வேடிக்கை தெரியாத பயல்.

நல்ல செய்தியும் உண்டு. உன் மகள் மாதிரி வளர்ந்த என் மகள் சென்னியம்மாளுக்கு ஓமலூரில் மாப்பிள்ளை அமைந்துவிட்டது. பையன் பெயர் மயில்சாமி. ஆவணியில் பெண் பார்க்க வந்ததிலிருந்து அந்த வீட்டார் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். தையில் கல்யாணம்.

சாறு அனுப்பவில்லை. அனுப்பவும் மாட்டேன். ஊசியை ஒரு நாளும் விடாதே, சாமி. என் பேச்சைக் கேட்டு நீ உருப்பட்டது கிடையாது. இந்த ஒரு பேச்சை மட்டும் கேள். தாரை வார்க்கும்போது நான் சாய்ந்துகொள்ளப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். இரண்டு காலோடு வந்து நில். திருச்செங்கோட்டு ஈசுவரன் உனக்குத் துணை இருப்பான்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அண்ணன் காளியண்ணன்

பின்குறிப்பு: ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியெல்லாம், அந்த எறும்புகள் ஏன் என்னை ஏமாற்றின என்று உன் அண்ணி பாவாயியிடம் புலம்பிக்கொண்டே வந்தேன். "அதுங்களா? சம்பந்தி ஊட்டுக்காரங்க வந்து போற எடத்துல எறும்பு மொச்சுக் கெடந்தா என்ன நெனப்பாங்க? ஆவணியிலிருந்து வெடியக்காலத்துல ஒரு கொடம் தண்ணி ஊத்திக் கழுவி உட்டுட்டு வாரனுங்க" என்றாள்.