கிளியின் கண்

மார்ச் 2

அன்புள்ள வாயாடிக்கு,

இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பசை பட்டு ஒட்டிக்கொண்டுவிட்டன. மருந்துக்கடைக்காரர் பார்த்துவிட்டு, "எதுக்கு சார் உப்புப் போடப் போறீங்க?" என்றார். கடையே சிரித்தது. லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்திலும் நின்றுபோன லிஃப்டை விட்டுவிட்டு என் விரலைத்தான் வேடிக்கை பார்த்தார்கள்.

எல்லாம் உன்னால்தான். கல்லூரியில் வேதியியல் போதாதென்று அருங்காட்சியக வேலையையும் துணைப்பாடமாக எடுத்துக்கொண்டாய். வகுப்புக் கண்காட்சிக்கு வீட்டுப் பொருள் ஒன்று வேண்டும், அலமாரி மேல் டப்பாவில் இருக்கும் பீங்கான் ஜாடித் துண்டுகளை அனுப்புங்கள் என்றாய். நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு உடைசலையா அனுப்புவேன்? உட்கார்ந்து முழுதும் ஒட்டிவிட்டேன். விரிசல்மேல் வெள்ளைப் பெயிண்டும் பூசியாயிற்று. ஜாடியில் நீலக் கிளி பழையபடி உட்கார்ந்திருக்கிறது. அதன் கண் இருந்த துண்டைத்தான் காணோம். போகட்டும், ஒற்றைக் கண் கிளி.

பார்சல் நேற்றே கிளம்பிவிட்டது. பிரித்துப் பார்த்துவிட்டு எழுது.

உன் அப்பா

மார்ச் 5

அப்பா,

போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

துண்டுகளாகவே வேண்டும் என்று எத்தனை தடவை சொன்னேன்? தரையில் விழுந்த மாதிரியே கண்ணாடிப் பெட்டிக்குள் பரப்பி வைக்க இருந்தேன். பின்னால் எடுக்க முடியாத எதையும் ஒரு பொருள்மேல் செய்யாதே என்பதுதான் இங்கே எங்களுக்கு முதல் பாடம். பசையைக் கரைக்கப் பார்த்தோம். கிளியின் நீலமும் சேர்ந்து கரைய ஆரம்பித்தது. நிறுத்திவிட்டோம். பாடம் எடுக்கிற மேடம் ஜாடியைத் திருப்பி என் கையிலேயே கொடுத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மார்க் போனால் போகட்டும். கண்காட்சிக்கு அம்மாவை அழைத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, நம் வீட்டுப் பொருள் ஒன்றைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லியிருக்காங்க. வீட்டை விட்டுப் போன அன்று அம்மா எடுத்துக்கொண்டு போகப் பார்த்த ஜாடி அது. நீங்கள் விடவில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் உடைந்தது. நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். அதன்பிறகு அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஜோக்தான் அடித்தீர்கள். அம்மாவுக்கு உங்கள்மேல் இருந்த குறையே அதுதானே? எதையும் பேசாமல் மேலே பூசிவிடுவீர்கள். இப்போது நிஜமாகவே பூசி, பார்சலில் அனுப்பியிருக்கிறீர்கள். இதைப் பார்த்தால் அம்மா வாசலோடு திரும்பிவிடுவாங்க.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கண்காட்சி. நீங்கள் வர வேண்டாம்.

மார்ச் 7

அன்புள்ள மகளுக்கு,

கடிதத்தின் அடியில் 'உங்கள் வாயாடி' இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை.

சுத்தியலோடு வந்து திரும்ப உடைத்துத் தருகிறேன் என்று எழுதி, அந்த வரியை அடித்துவிட்டேன். பார், உடனே ஜோக் வந்துவிடுகிறது.

லிஃப்ட் நடுவில் நின்றால் உள்ளே இருப்பவர்கள் கதவைத் தட்டிக் கத்துவார்கள். நான் வெளியே நின்று, "பயப்படாதீங்க, ஓசியில கொஞ்ச நேரம் ஓய்வு" என்பேன். சிலர் சிரிப்பார்கள். வீட்டிலும் அதையே செய்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது. உள்ளே மாட்டிக்கொண்டு தட்டியது உன் அம்மா என்று உறைக்கவில்லை.

ஒன்று சொல்கிறேன், கோபத்தோடு கேட்டாலும் பரவாயில்லை. பசைதான் வராது. மேலே இருப்பது வெறும் சுவர்ப் பெயிண்ட். மெதுவாகச் சுரண்டினால் உரிந்துவிடும். விரிசலாவது தெரியட்டும்.

வர வேண்டாம் என்றால் வரவில்லை.

அப்பா

மார்ச் 10

அப்பா,

பெயிண்டைச் சுரண்டிவிட்டேன். எல்லா விரிசலும் தெரிகிறது, உங்கள் பசை வழிந்த இடம் உட்பட. "இப்ப இருக்கிற நிலை இதுதானே, இதையே எழுது" என்றார் மேடம். விளக்க அட்டையை மாற்றிவிட்டேன்:

'பீங்கான் ஜாடி. உடைத்தவர்கள்: அம்மா, அப்பா. ஒட்டியவர்: அப்பா. ஒரு துண்டு கிடைக்கவில்லை.'

வெள்ளிக்கிழமை அம்மா மூன்று மணிக்கு வராங்க. திரும்பிப் போய்விடுவாங்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்களும் வாருங்கள். ஜோக் மட்டும் வேண்டாம்.

வாயாடி

மார்ச் 15

அன்புள்ள வாயாடிக்கு,

கண்காட்சியில், மேடம் கூப்பிட்டு நீ போன நேரத்தில் நடந்ததை எழுதுகிறேன்.

உன் அம்மா அட்டையை வாசித்தாள். நிமிரவில்லை. திரும்பவும் வாசித்தாள்.

"ஒட்டினது நீங்களா?"

"ஆமா."

"கோணலா இருக்கு."

"ஆமா."

நாக்கு நுனிவரை ஒரு ஜோக் வந்தது. விழுங்கிவிட்டேன். நீதான் வேண்டாம் என்றாயே.

"கிளிக்குக் கண்ணு எங்க?"

நான் அட்டையைக் காட்டினேன். அவள் அட்டையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"தேடிப் பாருங்க. வீட்டுலதான் எங்கயாவது கிடக்கும்."

சொல்லிவிட்டுக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நீ திரும்பி வந்தபோது படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கண் தொலையவில்லை கண்ணு. கண்காட்சி அன்றும் என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஜாடி உடைந்த நாளிலிருந்து ஒரு வேலைச் சட்டையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே வருகிறது. ஒட்ட உட்கார்ந்தபோது கடைசியாகக் கையில் எடுத்தேன். மனசு வரவில்லை. இதையும் ஒட்டிவிட்டால் என்றாவது அவள் வந்து கேட்க ஒன்றும் மிச்சம் இருக்காதே. அட்டையில் 'கிடைக்கவில்லை' என்ற வரியை இப்போதைக்கு மாற்றாதே.

அவள் படியிறங்கும்போது கை சட்டைப்பைவரை போனது. வாயும் திறந்தது. "போயிட்டு வா" என்றுதான் வந்தது.

'நீயும் வந்து தேடேன்' என்பதைச் சொல்லவில்லை.

உன் அப்பா