மறுபடி எடுக்காத படம்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். நானும் சுகம் என்று அடுத்த வரி வரவேண்டும். அது வர மறுக்கிறது, கொஞ்சம் பொறு.

முதலில் வீட்டுச் செய்தி. குளியலறைக் குழாயை ஒருவழியாக மாற்றியாயிற்று. குழாய்க்காரர் கோணலாகப் பொருத்திவிட்டு, தண்ணி நேராத்தானம்மா விழுது என்று என்னிடமே வாதாடினார். கழற்றி மறுபடி பொருத்தச் சொல்லி, முடியும்வரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மாடி வீட்டுத் தையல்காரி இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அவர் இனிமே இந்தத் தெருப் பக்கமே வரமாட்டார்க்கா என்றாள். அவள்தான் ஆஸ்பத்திரிக்கும் என்னோடு வருகிறவள், உனக்குத் தெரியும். அவளுக்குக்கூடத் தெரியாத ஒன்றைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

போன ஈரல் ஸ்கேன் முடிந்த அன்று நீ தொலைபேசியில் கேட்டாய், எல்லாம் சுத்தம் என்றேன். நிஜமா அப்படித்தான் சொன்னாங்களாம்மா என்று மறுபடி கேட்டாய், எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று வெடுக்கென்று சொல்லி வைத்துவிட்டேன். பாப்பா, அவர்கள் அப்படிச் சொல்லவே இல்லை. படம் கலங்கியிருக்கிறது, இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள். கலங்கியதற்குக் காரணமும் நானே. அந்தக் குழாய் மாதிரியான இயந்திரத்துக்குள் படுத்ததும் படம் எடுக்கும் பெண் என் காதில் மாட்டிவிட்ட கருவி வழியாக, மூச்சை வெளிய விட்டுட்டு அப்படியே நிறுத்துங்கம்மா என்றாள். காற்றில்லாத நெஞ்சோடு யாராவது மூச்சைப் பிடிப்பார்களா என்று எனக்குப் பட்டது. கான்வென்ட்டில் பாட்டுக் குழுவில் முதல் வரிசையில் நின்றவள் நான், வயிறு நிறைய இழுத்துப் பிடிக்கத்தானே சிஸ்டர் சொல்லித் தந்தார். அதே மாதிரி ஒவ்வொரு முறையும் இழுத்துப் பிடித்தேன். அம்மா, இது பாட்டுப் போட்டி இல்லம்மா, விட்டுட்டுப் பிடிங்க என்று அவள் கெஞ்சினாள். மூச்சு விட எனக்குச் சொல்லித் தராதே பெண்ணே என்றேன். மூச்சை இழுத்தால் ஈரல் கீழே இறங்குமாம், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் நிற்குமாம். வெளியே விட்டால்தான் பெரும்பாலும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்குமாம். இதை டாக்டர் பிறகு விளக்கினார்.

அவர்கள் இரண்டு முறை அழைத்தும் நான் போகவில்லை. வாழ்க்கையில் எந்தப் பாடத்திலும் மறுதேர்வு எழுதியவள் இல்லை, எழுபது வயதுக்கு மேலா எழுதுவது என்ற வீம்பு. அடுத்த ஸ்கேன் எப்படியும் மூன்று மாதத்தில் வரும், அதில் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீயோ என் வார்த்தையை நம்பி, இரண்டு வருடம் நகர முடியாத அந்த வேலைக்குக் கையெழுத்துப் போட்டாய். அம்மா நல்லா இருக்காங்க, இனி தைரியமாப் போடலாம் என்று மாப்பிள்ளையிடம் நீ சொன்னது தொலைபேசியில் என் காதில் விழுந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

இந்த வாரம் அடுத்த ஸ்கேனுக்குப் போனேன். அதே பெண்தான். இன்னைக்கு எந்தப் பாட்டும்மா என்றாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னபடியே மூச்சை முழுவதும் விட்டுவிட்டு நிறுத்தினேன். காலியான நெஞ்சோடு அசையாமல் கிடப்பது அவ்வளவு சுலபம் இல்லை பாப்பா, எந்தப் பொய்யும் அங்கே துணைக்கு வராது. படம் தெளிவாக வந்தது. போன வருடம் ஈரலில் இருந்த புற்றுக் கட்டியை ஊசி வைத்துச் சுட்ட இடம் செத்த இடமாகவே கறுப்பாக இருக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு பட்டாணி அளவுக்கு ஏதோ ஒன்று, கையில் ஏற்றிய மருந்து போய்ச் சேர்ந்ததும் பளிச்சென்று வெளுத்து, பிறகு மற்ற இடத்தைவிட மங்கிப் போகிறது. திரும்ப வந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்றார் டாக்டர். சின்னதாக இருப்பதால் மறுபடி சுட்டுவிட முடியும் என்றும் சொன்னார். போன தடவையே இது இருந்ததா என்று கேட்டேன். அந்தப் படத்தை வெச்சு யாராலயும் சொல்ல முடியாதும்மா என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இருந்ததோ இல்லையோ, தெரிந்துகொள்ளும் வழியை அடைத்தவள் நான்தான்.

தொலைபேசியில் சொன்னால் என் குரல் உன்னை மறுபடி ஏமாற்றிவிடும், அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நான் உனக்குப் பொய் சொன்னதில்லை. அடுத்த மாத நடுவில் சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டாம், தையல்காரி இருக்கிறாள், நான் சமாளிப்பேன் என்று எழுதத்தான் நினைத்தேன். அதுவும் பொய்யாகிவிடும். எனக்குப் பயமாக இருக்கிறது. சில நாள் விடுப்புக் கிடைத்தால் வா. திட்டுவதற்காகவாவது வா, வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் ஒற்றுமையாக வாழ அம்மாவின் மனமார்ந்த ஆசி. என் ஈரலைக் கெடுத்த அந்த மஞ்சள் காமாலைக் கிருமி பிரசவத்தில் பிள்ளைக்கும் ஒட்டுமாம், உன்னிடமும் இருக்கிறதா என்று ரத்தம் பார்க்க வேண்டும் என டாக்டர் போன வருடமே சொன்னார், நீ வேலை வேலை என்று தள்ளிப்போடுகிறாய். இந்த வாரமே போய்க் கொடு. முடிவு எதுவாக இருந்தாலும் உள்ளதை உள்ளபடி எனக்குச் சொல். என்னைப் போலச் சொல்லாதே.

உன் அம்மா